பட்டறை கேள்வி பதில்: பழைய பெண்டிங் மெஷின எடைக்குப் போடாதீங்க

இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல தகடு மடக்குற மெஷின் பத்தின கேள்விதான். நம்ம சேலத்துல நாலஞ்சு பழைய பட்டறைய மூடிட்டாங்க, அங்க இருந்த கை மெஷினெல்லாம் கை மாறிட்டு இருக்கு, அதனாலதான்னு நினைக்கிறேன். அதனால இந்த தடவை வெல்டிங் கேள்விகள அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இதையே முழுசா எடுத்துக்கிறேன்.

கேள்வி: அண்ணே வணக்கமுங்க. கொண்டலாம்பட்டியில சின்னதா கிரில் பட்டறை வச்சிருக்கேன். போன மாசம் 8 அடி கை பெண்டிங் மெஷின் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், பிளேட்ல 16 கேஜ்னு போட்டிருக்கு, அந்தக் கனம் வரைக்கும் மடக்கும்னு அர்த்தம் (கேஜ் நம்பர் ஏற ஏற தகடு மெல்லிசு). 18 கேஜ் ஷீட் முழு நீளத்துக்கு வச்சு மடக்குனா ரெண்டு ஓரமும் கரெக்டா 90 டிகிரி வருது, நடுவுல 84, 85 தாண்ட மாட்டேங்குது. பாக்குறவங்க எல்லாம் பாடி வளைஞ்சுபோச்சு, எடைக்குப் போட்டுட்டு வேற பாருன்னு சொல்றாங்க. போட்டுடட்டுங்களா?

பதில்: போடாதீங்க தம்பி. முதல்ல அந்த மெஷின எங்க, எப்படி நிக்க வச்சிருக்கீங்கன்னு எனக்குச் சொல்லலையே, அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். நான் பாத்த வரைக்கும் "வளைஞ்சுபோச்சு"ன்னு சொன்ன மெஷின்ல பாதி வளையவே இல்ல, தரையில சரியா உக்காரல, அவ்வளவுதான். பழைய பட்டறையில இருபது வருசம் ஒரே எடத்துல நின்னு அந்தத் தரைக்குப் பழகிப்போயிருக்கும், அத பேத்து எடுத்து லாரியில போட்டு கொண்டாந்து நம்ம சிமெண்ட் தரையில இறக்குனதும் ஒரு கால் லேசா தூக்கிட்டு நிக்கும், நாம அத கவனிக்காம ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிடுவோம், அந்த இறுக்கத்துலயே பெட் (தகடு உக்கார்ற அடிமேடை) முறுக்கிக்கும்.

போல்ட் எல்லாத்தையும் லூஸ் பண்ணுங்க. ரசமட்டத்த பெட்டோட இடது கோடியில முன்னாலருந்து பின்னால பாக்குற மாதிரி குறுக்க வைங்க, குமிழி எங்க நிக்குதுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்கோங்க. அப்புறம் அதே ரசமட்டத்த திருப்பாம அப்டியே வலது கோடிக்கு எடுத்துட்டுப் போய் வைங்க. ரெண்டு பக்கமும் குமிழி ஒரே எடத்துல நிக்கணும். நட்டநடுவுல நிக்கணும்னு கூட இல்ல, ஒரே எடமா இருந்தா போதும். வித்தியாசமா இருந்தா பெட் முறுக்கியிருக்குன்னு அர்த்தம். தூக்கி நிக்கிற காலுக்கு அடியில தகடு வெட்டி ஷிம் குடுங்க, அட்டையோ மரத்துண்டோ வைக்காதீங்க, அது நாளாக நாளாக அமுங்கும். ஷிம் வச்சுட்டு போல்ட்ட ஒவ்வொண்ணா இறுக்கி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் திரும்ப குமிழிய பாருங்க. இறுக்கும்போது குமிழி நகந்துச்சுன்னா அந்தக் கால் இன்னும் உக்காரலன்னு அர்த்தம். இதுக்கு ஒரு முழு மத்தியானம் போகும், போகட்டும்.

அது முடிஞ்சதும் பிடி பாக்கணும். நியூஸ் பேப்பர்ல ரெண்டு விரல் அகலத்துக்கு அஞ்சு துண்டு கிழிச்சு, தகட்ட அமுக்கிப் பிடிக்கிற மேல் தாடைக்கும் பெட்டுக்கும் நடுவுல வரிசையா வச்சு கிளாம்ப் பண்ணிட்டு ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க. ஓரத்துல இறுகி நடுவுல மட்டும் பேப்பர் உருவிட்டு வந்துச்சுன்னா நடுவுல தாடை பிடிக்கல. மேல் பீம் மேல நடுவுல ஒரு நீளக் கம்பி நட்டோட ஓடுமே, பல மெஷின்ல இருக்கும், அது இத சரி பண்ணத்தான். கால் சுத்து, அதுக்கு மேல ஒரே நேரத்துல திருப்பாதீங்க, திரும்ப பேப்பர் வச்சுப் பாருங்க.

அடுத்தது மூக்கு தள்ளி நிக்கிற தூரம். மேல் தாடையோட மூக்கு பெட் விளிம்புல இருந்து எவ்வளவு பின்னால நிக்குதுன்றதுதான் மடிப்பு கூர்மையா வருமா உருண்டையா வருமான்னு தீர்மானிக்குது. மெல்லிசு தகட்டுக்கு தகட்டோட கனம் எவ்வளவோ அவ்வளவு பின்னால இருந்தா போதும், உங்க 18 கேஜ் 1.2 மில்லி, அதுக்கு ஒண்ணே கால்ல இருந்து ஒன்றரை மில்லி வைங்க. 16 கேஜ் 1.6 மில்லி, அது மெஷினோட எல்லை, அதுக்கு ரெண்டரை மூணு மில்லி தள்ளி வச்சாதான் மெஷின் நோகாது. ரெண்டு கோடியிலயும் இந்த தூரம் ஒண்ணாவே இருக்கணும், வெர்னியர் வச்சு அளங்க, கண்ணால பாத்து வேணாம். ஒரு பக்கம் கம்மியா இருந்தா அந்தப் பக்கம் மட்டும் மடிப்பு கூர்மையா வரும், தொட்டி செஞ்சா கோணிக்கும்.

இவ்வளவும் செஞ்ச பிறகு ஒரு சோதனை. அதே 18 கேஜ் ஷீட்ல 4 அங்குல அகலத்துல மூணு துண்டு வெட்டி, ஒண்ணு இடது கோடி, ஒண்ணு நடு, ஒண்ணு வலது கோடின்னு ஒரே நேரத்துல வச்சு ஒரே மடக்கா மடக்குங்க. மூணுத்தையும் மூலைமட்டத்துல பாருங்க. நடுத்துண்டு மட்டும் குறைஞ்சிருந்தா இன்னும் செட்டிங்ல தப்பு இருக்கு, தகட்ட தூக்கி மடக்குற முன்பலகைக்கு அடியில இருக்கற கம்பியயும் கொஞ்சம் இறுக்கிப் பாக்கணும். மூணு துண்டும் ஒண்ணா வந்து, முழு 8 அடி ஷீட் வைக்கும்போது மட்டும் நடு திறந்துக்குச்சுன்னா பலகை பாரத்துல வளைஞ்சு குடுக்குதுன்னு அர்த்தம், அப்ப நடுவுல கொஞ்சம் கூடுதலா தள்ளுற மாதிரி அதே அடிக்கம்பியத்தான் இன்னும் இறுக்கணும். துண்டு வச்சுப் பாக்காம கம்பிய மட்டும் இறுக்கிட்டே போனா எது எத சரி பண்ணுச்சுன்னே தெரியாம போயிடும்.

இன்னொரு கணக்கும் சொல்லிடறேன், அத வச்சு உங்க மெஷின் மேல நம்பிக்கை வரும். மடக்க வேண்டிய பலம் கனத்தோட வர்க்கத்துல கூடும். 16 கேஜுக்கு தேவையான பலத்துல 18 கேஜுக்கு பாதிக்கு கொஞ்சம் மேலதான் வேணும். அப்ப 16 தாங்குன மெஷின் 18க்கு நடுவுல திறக்குதுன்னா அதுக்கு வேற காரணம் இருக்கணும். அதே கணக்குதான் அந்தப் பக்கமும், 14 கேஜ் 2 மில்லி, அது 16ஐ விட ஒன்றரை மடங்கு பலம் கேக்கும். "சின்னத் துண்டுதானே"ன்னு நட்ட நடுவுல 14 கேஜ் துண்டு வச்சு பைப் போட்டு இழுக்குறாங்களே, அப்பதான் மூக்குல குழி விழுது, அப்புறம் அந்தக் குழி ஒவ்வொரு ஷீட்லயும் தெரியும். கம்பி, ராடு எதையும் அதுல வச்சு மடக்காதீங்க, உங்க பட்டறை கிரில் பட்டறைன்றதால இத தனியா சொல்றேன், கை சும்மா இருக்காது. பசங்க கிட்டயும் கண்டிப்பா சொல்லி வைங்க.

கேள்வி: அண்ணா, நாங்க அம்மாப்பேட்டை. வீட்டுக்காரர் ஏசி டக்ட் வேலை பாக்குறாரு, சொந்தமா பண்ணலாம்னு 4 அடி பழைய மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கோம். நகை வச்சு வாங்கப்போறோம், அதான் பயமா இருக்கு. பாக்கப் போகும்போது எதெல்லாம் பாக்கணும்?

பதில்: நகை வச்சு வாங்குறீங்கன்னு படிச்சதும் இந்த பதில ரெண்டு தடவை எழுதிப் பாத்தேன் தங்கச்சி. போகும்போது ஒரு டார்ச், ஒரு ஸ்டீல் ஸ்கேல், அவரு தினமும் வேலை பாக்குற அதே கேஜ் ஷீட்ல நாலு துண்டு எடுத்துட்டுப் போங்க. வெறும் மெஷின பாத்து விலை பேசாதீங்க, உங்க ஷீட்ட வச்சு மடக்கிக் காட்டச் சொல்லுங்க.

முதல்ல ரெண்டு பக்க பாடி. பழைய மெஷின்ல அது காஸ்ட் அயர்னா இருக்க வாய்ப்பு அதிகம், விரிசல் விட்டா சாதா வெல்டிங்ல நிக்காது. புதுசா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்தா சந்தோசப்படாதீங்க, இன்னும் நல்லா பாருங்க. எனக்கே நடந்துச்சு. பட்டறை ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தர் கிட்ட பச்சை பெயிண்ட் அடிச்ச மெஷின் ஒண்ணு எடுத்தேன், மூணாவது வாரம் 20 கேஜ் ஷீட்ல பக்கத்து பாடி டப்புனு வாய் பிளந்துச்சு, உள்ள பாத்தா புட்டி. பழைய விரிசல புட்டி வச்சு அடைச்சு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அந்தப் பணத்த திருப்ப எனக்கு ஒண்ணரை வருசம் ஆச்சு. கீல் வர எடம், கிளாம்ப் கைப்பிடி சேர்ற எடம், கால் போல்ட் ஓட்டைய சுத்தி, இந்த மூணையும் டார்ச்ச சாய்ச்சுப் புடிச்சுப் பாருங்க, சின்னச் சுத்தியலால லேசா தட்டுங்க, நல்ல வார்ப்பு கணீர்னு சத்தம் குடுக்கும், விரிசல் இருந்தா சத்தம் செத்துப்போயிருக்கும். சந்தேகமான எடத்துல பெயிண்ட கொஞ்சம் சுரண்டிப் பாத்துக்கறோம்னு கேளுங்க. வேணாம்னு சொன்னா வந்துடுங்க.

அப்புறம் மூக்கு விளிம்ப நகத்தால தடவிக்கிட்டே போங்க, குழி இருந்தா நகம் மாட்டும். ஒண்ணு ரெண்டு சின்னக் குழி பரவாயில்ல, அத காட்டி விலைய குறைக்கலாம். மடக்குற பலகைய பாதி தூக்கிப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, கீல் பின் தேஞ்சிருந்தா லடக் லடக்னு ஆடும். அது பெரிய விசயம் இல்ல, லேத் பட்டறையில புது பின்னும் புஷ்ஷும் போட்டுக்கலாம், நம்ம ஊர்ல அதுக்கு ஆளுக்கா பஞ்சம். பாடி விரிசலுக்குத்தான் மருந்து கிடையாது.

பலகையோட எடைய தூக்கி விடுற எடைக்குண்டு இருக்கான்னும் பாருங்க. அது தனியா கழட்டி காயலாங்கடைக்குப் போயிருக்கும் பல மெஷின்ல. இல்லாட்டி அவரு தினமும் அந்தப் பலகை எடைய கையாலயே தூக்கணும், சாயங்காலம் தோள்பட்டை போயிடும். டக்ட் வேலைன்னா 24, 22 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசுன தகடு) தான் அதிகம் ஓடும், அதுக்கு 4 அடி கை மெஷின் தாராளமா போதும். வாங்குனதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க தங்கச்சி.

கேள்வி: ஐயா, நான் ஆத்தூர் பக்கம். சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிகளுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டிரே அடிச்சுக் குடுக்கற ஆர்டர் வந்திருக்கு, 304 ரக ஷீட். இரும்புல பழகுன கை. 90 மடக்கி விட்டா திரும்ப 87க்கு வந்துடுது, அளவும் ஒவ்வொரு டிரேக்கு ஒவ்வொண்ணா வருது. 600க்கு 400ன்னு கேட்டா 604 வருது.

பதில்: ரெண்டும் வேற வேற நோவு. முதல் நோவு ஸ்டெயின்லெஸ்ஸோட குணம். சேலம் உருக்காலை 1981-82ல குளிர் உருட்டு ஆரம்பிச்சதுல இருந்து இந்த ஊர்ல எஸ்எஸ் பழகாத தகர வேலைக்காரர் கம்மி, ஆனாலும் இரும்புல இருந்து வரவங்களுக்கு முதல் மாசம் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். எஸ்எஸ் மடக்க மடக்க இறுகிக்கிற உலோகம், மடக்கி விட்டா ரெண்டுல இருந்து நாலு டிகிரி வரைக்கும் நிமிரும். அதனால 93க்கு மடக்குங்க, விட்டா 90ல வந்து நிக்கும். உங்க ஷீட்டுக்கு எவ்வளவுன்னு ரெண்டு துண்டுல கண்டுபிடிச்சு, பலகை போய் முட்டற எடத்துல ஸ்டாப்பர இறுக்கி வச்சுடுங்க. ஒரே லாட்ல வந்த ஷீட்டா வாங்குங்க, 304ஓட 202 ரகம் கலந்து வந்தா தலைவலி, 202 இன்னும் கூடுதலா நிமிரும். ஒரு தடவை 90க்கு மடக்கி, பத்தலன்னு திரும்ப தூக்கி, மறுபடி இறக்கின்னு பண்ணாதீங்க, அந்த எடம் இறுகி விரிசல் விடும்.

பலமும் இரும்ப விட ஒன்றரை மடங்கு கேக்கும். 18 கேஜ் எஸ்எஸ் மடக்குறது கிட்டத்தட்ட 16 கேஜ் இரும்பு மடக்குற மாதிரிதான். உங்களது 16 கேஜ் மெஷினா இருந்து பழசாவும் இருந்தா 20 கேஜோட நிறுத்திக்கோங்க, 18 வேணும்னா வெளிய பிரஸ் பிரேக்ல (அமுக்கி மடக்குற பெரிய மெஷின்) குடுத்து வாங்கிக்கலாம், தப்பே இல்ல.

ரெண்டாவது நோவு கணக்கு. மடக்குற எடத்துல தகடு வெளிப்பக்கம் நீளும், அத கழிக்காம வெட்டுனா டிரே பெருசாத்தான் வரும். இத ஃபார்முலா இல்லாமயே கண்டுபிடிக்கலாம். அதே ஷீட்ல கரெக்டா 100 மில்லி நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவுல 90 மடக்குங்க. ரெண்டு காலையும் வெளிப்பக்கமா வெர்னியர்ல அளந்து கூட்டுங்க. 1.2 மில்லி தகடுன்னா 102.2 கிட்ட வரும். அந்தக் கூடுதல் 2.2 தான் ஒரு மடிப்புக்கு நீங்க கழிக்க வேண்டியது. டிரே 600 நீளம், ரெண்டு பக்கமும் 40 உயரம்னா, 600, 40, 40 கூட்டி 680, ரெண்டு மடிப்புக்கு 4.4 கழிச்சா 675.6க்கு வெட்டணும். நீங்க 680க்கே வெட்டியிருக்கீங்க, அதான் 604. கனம் மாறினாலோ மூக்கு தூரத்த மாத்துனாலோ அந்த 100 மில்லி துண்ட திரும்ப மடக்கிப் பாக்கணும். என் பட்டறையில செவுத்துல ஆணி அடிச்சு ஒவ்வொரு கேஜுக்கும் ஒரு துண்டு தொங்குது, மேல பெயிண்ட்ல கழிவு எழுதியிருக்கும். டிரேக்கு டிரே அளவு மாறுறதுக்கு இன்னொரு காரணம், கோடு போட்டு கண்ணால பாத்து மடக்குறது. பின்னால ஒரு ஸ்டாப் வச்சு ஷீட்ட அதுல முட்ட வச்சு மடக்குங்க.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா சாப்பாட்டு சாமான்றதால சொல்லியே ஆகணும். நேத்து இரும்பு மடக்குன தாடையில இன்னைக்கு எஸ்எஸ் வச்சா இரும்புத்தூள் அதுல அழுந்திடும். கொஞ்ச நாள்ல மடிப்பு ஓரமா துரு புள்ளி வரும், வாங்குனவரு டூப்ளிகேட் ஷீட்டுன்னு சண்டைக்கு வருவாரு. எஸ்எஸ் வேலைக்கு முன்னால தாடை, பெட், பலகை மூணையும் துணியில தின்னர் நனைச்சு துடைங்க, ஷீட் மேல இருக்கற பிளாஸ்டிக் ஃபிலிம மடக்கி முடிக்கற வரைக்கும் உரிக்காதீங்க. மாவு ஈரம் பட்டுட்டே இருக்கற எடம் அது, ஒரு புள்ளி துரு கூட இருக்கக்கூடாது.

கேள்வி: ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்க எஸ்டேட் வீட்டுக்கு மழைத்தண்ணி வடிகால் தகடு மாத்தணும், மொத்தம் 120 அடி. கீழ ஒருத்தர் 4 அடி பெண்டிங் மெஷின் விக்கிறாரு, அத வாங்கி மேல கொண்டாந்து நாங்களே மடக்கிக்கலாமான்னு யோசனை. கூரைக்கு வாங்குன கலர் ஷீட் மிச்சம் இருக்கு.

பதில்: வேணாமுங்க. 4 அடியில மடக்குனா 120 அடிக்கு 29 ஜாயிண்ட் வரும், உங்க ஊர் மழைக்கு ஒவ்வொரு ஜாயிண்ட்டும் ஒழுகுற எடம். கீழ சேலத்துல 8 அடி மெஷின் வச்சிருக்கற பட்டறையில மடக்கிக் குடுக்கச் சொல்லுங்க, ஜாயிண்ட் 14ஆ குறையும். வாய் கொஞ்சம் விரிஞ்ச மாதிரி மடக்கச் சொன்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி கட்டி சின்ன வண்டியிலயே 20 கொண்டை ஊசி வளைவும் ஏத்திடலாம். மெஷின ஏத்துறது அப்படி இல்ல, அதோட எடை எல்லாம் மேல்பக்கம், கால் குறுகல், வளைவுல சாயும். எப்பவாவது ஏத்தித்தான் ஆகணும்னா படுக்க வச்சு, பலகையையும் குண்டையும் தனியா கழட்டி, நாலு பக்கமும் பெல்ட் போட்டு கட்டணும்.

மிச்சக் கலர் ஷீட்டையும் இதுக்குப் போடாதீங்க. கூரை ஷீட் பெரும்பாலும் 550 எம்பிஏ வலிமை உள்ள கெட்டி ரகம், நெளிவு போட்டு கூரையில விரிக்கத்தான் அது. கூர்மையா மடக்குனா ஸ்பிரிங் மாதிரி நிமிரும், மடிப்புல பெயிண்ட் வெடிக்கும், அந்த வெடிப்புலதான் பனித்தண்ணி நின்னு துரு புடிக்கும். மடக்கறதுக்குன்னு வர மெத்து ரக ஜிஐ 24 கேஜ் கேட்டு வாங்குங்க, மூக்க கொஞ்சம் கூட தள்ளி வச்சு உருண்டையா மடக்கச் சொல்லுங்க, கூர்மையா மடக்குனா துத்தநாகப் பூச்சு விரிஞ்சுடும். மடிப்ப சுத்தியலால தட்டி சரி பண்றவர் கிட்ட குடுக்காதீங்க.

கேள்வி: நாலு பக்கமும் மூடுன பெட்டி ஏன் என் மெஷின்ல வரமாட்டேங்குது? மூணு பக்கம் வந்துடுது, நாலாவது பக்கம் முட்டுது. – சூரமங்கலம்

பதில்: உங்களது நேர் தாடை மெஷின். ஏற்கெனவே மடக்குன பக்கம் மேல் தாடையில போய் முட்டும். தாடை துண்டு துண்டா கழட்டி மாட்டற ஃபிங்கர் மெஷின்னா பெட்டி அகலத்துக்கு மட்டும் துண்ட வச்சு மடக்கலாம். அது இல்லாம செய்யணும்னா மூணு பக்கம் மடக்கி, நாலாவது பக்கத்த தனித் தகடா வெட்டி ரிவெட்டோ வெல்டிங்கோ பண்ணிடுங்க. ஜிஐன்னா ரிவெட்தான், ஜிஐய மூடுன ரூம்ல வெல்டிங் பண்ணி அந்தப் புகைய இழுத்தா ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி வரும்.

கேள்வி: அண்ணா, நான் ஐடிஐல ஷீட் மெட்டல் டிரேடு படிக்கிறேன். லீவுல மாமா பட்டறைக்குப் போறேன். அங்க பெண்டிங் மெஷின் பின்னாடி நிக்காதன்னு மாமா திட்டிட்டே இருக்காரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு.

பதில்: மாமா திட்டறது சரிதான் தம்பி. பலகை மேல வரும்போது அந்த எடைக்குண்டு பின்னால இறங்கும், குனிஞ்சு நிக்கிறவன் தலை உயரத்துக்கு வரும். பலகைய இழுக்கறவருக்கு பின்னால யாரு இருக்காங்கன்னே தெரியாது. நான் தொழில் பழகுன பட்டறையில கீழ விழுந்த பேனாவ எடுக்கக் குனிஞ்ச ஒரு பையனுக்கு புருவத்துல ஏழு தையல் போட்டாங்க, கண்ணு தப்பிச்சுது. அந்தக் குண்டு சுத்துற எடத்த தரையில மஞ்சள் பெயிண்ட்ல கோடு போட்டு வைக்கலாமான்னு மாமா கிட்ட கேளு, நீயே போட்டுக் குடு. அப்புறம் தாடைய இறக்கும்போது ஷீட்ட புடிச்சிருக்கற விரல் உள்ள போகாம வெளி ஓரத்துல இருக்கணும், ரெண்டு பேர் வேலை பாத்தா ஒருத்தர் வாய்விட்டு "இறக்கறேன்"னு சொல்லிட்டுதான் இறக்கணும். வெட்டுன ஷீட்டோட பிசிற மடக்கறதுக்கு முன்னாலயே அரத்தால எடுத்துடு, மடக்குன பிறகு அந்த மூலைக்கு அரம் போகாது, கைதான் கிழியும். மெஷின் கீலுக்கு சனிக்கிழமை சாயங்காலம் கிரீஸ் வைக்கற வேலைய கேட்டு வாங்கிக்கோ, கீல் எப்படி உக்காந்திருக்குன்னு அப்பதான் கிட்ட இருந்து பாக்க முடியும்.